ரீடிங்

"ரீடிங் எடுக்க வந்திருக்கேன்" என்று
கேட்டுக்கு வெளியே நின்று சொல்வேன்.
நாய் நம்பாது.
பிறகு செருப்பை முகர்ந்துவிட்டு விலகும்.

இரண்டு மாதத்துக்கொரு தடவை
அரவேணு பக்கம் இருநூற்றுப் பதினான்கு வீடு.
மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டை,
யாரோ ஒளித்து மறந்த சாவி,
காலாவதியான இருமல் மருந்து.
ஒதுக்கிவிட்டு எண்ணைப் பார்த்து
வெள்ளை அட்டையில் எழுதவேண்டும்.

லைன் வீட்டு மாரிக்கண்ணுவுக்கு
அறுபது நாளில் முப்பத்தெட்டு யூனிட்.
கட்டணம் பூஜ்யம்.
"நூறு வரைக்கும் காசில்லையாமே?"
"ஆமாம்."
"அப்ப இத்தன வருசமா
அறுபத்திரண்ட விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.
அடுத்த தடவ வா, ஃபிரிட்ஜ் வந்திருக்கும்."

மேல் வளைவில் புதிதாக ஒரு தங்கும் விடுதி.
பெயர் 'எளிமை'.
ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம்.
சுவரில் ஒன்றுமில்லை,
அந்த ஒன்றுமில்லாததைக் காட்ட நாலு விளக்கு.
ஃபோனை வாசல் கூடையில் போட்டுவிட்டுத்தான்
உள்ளே போகவேண்டும்.
கூடைக்குள் ப்ளக் பாயின்ட் இருக்கிறது.

அலமாரி நிறையப் புத்தகம்,
எல்லாம் முதுகைச் சுவருக்குத் திருப்பி.
"கலர் கலரா இருந்தா கண்ணு அலையுதுங்க"
என்றார் சந்தீப். நல்ல மனிதர்,
இஞ்சி டீ கொடுத்தார்.
அவர் சர்க்கரை எடுக்கப் போன நேரத்தில்
ஒன்றை உருவிப் பார்த்தேன்:
கோழி வளர்ப்பு.
அடுத்தது: வணிகக் கணக்கியல், இரண்டாம் பருவம்.
எடை போட்டு வாங்கியிருப்பார்.
தரைக்கு அடியிலும் சூடு போகிறது அங்கே.
ஆயிரத்து எழுநூற்று இருபது.

என் பையில் மழைக்கோட்டு,
பிஸ்கட், கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்று.
கலுங்கு மேல் உட்கார்ந்து நாலு பக்கம்,
பஸ் வரும்வரை மூன்று.
நேற்று தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை
பாதைக்கு வந்து நின்றுகொண்டது.
அது மனசு மாறும்வரை பதினோரு பக்கம்.

அதில் ஒரு வரி:
உடைமை குறைந்தவனுக்குக் குளிரும் குறைவு.
ஓரத்தில் பென்சிலால் யாரோ:
'பொய். டிசம்பரில் இங்கே வந்து படுத்துப் பார்.'
தேதிச் சீட்டில் எனக்கு முன்னால்
ஒரே ஒரு முத்திரை, பதினாறு வருஷம் பழசு.
அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம்
காலண்டரில் பால் கணக்கைப் பார்க்கிறேன்.
அந்த 'பொ' அகப்படவில்லை,
கொம்பு மேலே சுருண்டு
பூனை வால் மாதிரி.

என் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது ஹாலன்.
"இருநூத்திப் பத்து! ராத்திரியில
என்னக்கா பண்றீங்க?"
"படிக்கிறேன்."
பாதி பொய்.
காலடியில் ஹீட்டர், கையில் ஃபோன்.
யாரோ ஒருத்தி தன் வீட்டிலிருந்து
ஒவ்வொரு பொருளாக வெளியே போடுவதை
ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஃபோன் சாயாமல் இருக்க
முட்டுக் கொடுத்திருப்பது
மேற்படி புத்தகம்.

இந்தத் தடவை போனபோது
மாரிக்கண்ணு வாசலிலேயே நின்றாள்.
வெளியே ஏழு டிகிரி இருக்கும்,
பேசினால் புகை.
"வா வா" என்று இழுத்துப்போய்க்
கதவைத் திறந்து காட்டினாள்.
அரைக்கட்டுக் கறிவேப்பிலை,
ஒரு பாத்திரம் மாவு,
பின்னால் சின்னதாக
மஞ்சள் விளக்கு.
மூடினாள். மறுபடி திறந்தாள்.
"மூடினா அணையுமா, எரியுமா?"
தெரியவில்லை என்றேன்.
இரண்டு பேரும் விரற்கடை அளவு திறந்து
குனிந்து பார்த்தோம்.

தொண்ணூற்றொன்று.
எழுதி அட்டையை நீட்டினேன்.
வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல
எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னும் ஒம்பது இருக்கு" என்றாள்.